ஒரு பாட்டும் ஒரு பிறந்தநாளும்: ஜனவரி மூன்றாம் திங்கள் அமெரிக்காவுக்கு எப்படி விடுமுறை ஆனது?

கேள்வி இது: "ஸ்டீவி வொண்டர் ஒரு பிறந்தநாள் பாட்டுப் பாடியதால்தான் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் அமெரிக்காவில் தேசிய விடுமுறை ஆனது என்கிறார்கள். உண்மையா, வெறும் கதையா? கிங் பிறந்தது ஜனவரி 15 என்றால், விடுமுறை மட்டும் ஏன் ஆண்டுக்கு ஒரு தேதியில் வருகிறது?"

பாதி உண்மை. பாட்டு இல்லாமல் 1983-ல் அந்தச் சட்டம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் பாட்டு வருவதற்கு முன்பே பன்னிரண்டு ஆண்டுகள் பலர் இதற்காக உழைத்திருக்கிறார்கள். பாட்டு வந்து, சட்டமும் வந்த பிறகு இன்னும் பதினேழு ஆண்டுகள் மாநிலம் மாநிலமாகச் சண்டை நடந்திருக்கிறது. இந்த முன்கதையும் பின்கதையும் அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடிய கிங் கொல்லப்பட்டது 1968 ஏப்ரல் 4. டென்னசி மாநிலம் மெம்ஃபிஸ் நகரில் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஆதரவு தரப் போன இடத்தில், லொரெய்ன் மோட்டலின் மாடி முகப்பில் நின்றிருந்தபோது சுட்டுவிட்டார்கள். வயது 39. நான்கே நாளில், ஏப்ரல் 8 அன்று, டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜான் கானியர்ஸ் என்ற கறுப்பின உறுப்பினர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவையில், அதாவது பிரதிநிதிகள் அவையில், ஒரு மசோதா கொண்டுவந்தார்: கிங் பிறந்த ஜனவரி 15-ஐ தேசிய விடுமுறை ஆக்க வேண்டும். கிங்கின் இறுதிச் சடங்கு நடந்தது ஏப்ரல் 9. அதாவது உடல் அடக்கம் ஆவதற்கு முன்பே கோரிக்கை காங்கிரஸுக்குப் போய்விட்டது. மான்ட்கோமரி பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ், அப்போது இந்தக் கானியர்ஸின் டெட்ராய்ட் அலுவலகத்தில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மசோதா எங்கும் போகவில்லை. கானியர்ஸ் விடவும் இல்லை. ஒவ்வொரு இரண்டாண்டு காங்கிரஸ் காலம் தொடங்கும்போதும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். அட்லாண்டாவில் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங், கணவர் இறந்த அதே ஆண்டில் கிங் மையத்தைத் தொடங்கி, 1969 ஜனவரி 15 முதல் பிறந்தநாளை நினைவுநாளாக நடத்தினார். நான்கு குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, மையத்துக்கு நிதி திரட்டிக்கொண்டு, காங்கிரஸ் குழுக்களின் முன் சாட்சி சொல்லிக்கொண்டு அவர் இந்தக் கோரிக்கையை உயிரோடு வைத்திருந்தார். என் பார்வையில் இந்த விடுமுறையை யாராவது ஒருவர் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றால் அது கொரெட்டாவின் பெயர்தான்.

இன்னொரு தரப்பும் உண்டு. தொழிற்சங்கங்கள். கிங் தனக்கு மிகவும் பிடித்த சங்கம் என்று சொன்ன நியூயார்க் மருத்துவமனைத் தொழிலாளர்களின் 1199 சங்கம் உட்படப் பல சங்கங்கள், அரசாங்கம் தரட்டும் என்று காத்திருக்காமல், சம்பளத்தோடு கூடிய கிங் பிறந்தநாள் விடுமுறையைத் தங்கள் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு கோரிக்கையாகவே வைத்தன. தொழிலாளர் போராட்டத்துக்குப் போன இடத்தில் உயிர்விட்ட மனிதரின் நாள், முதலில் தொழிற்சங்க மேசையில் பேசப்பட்டது என்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. மாநில அளவில் முதலில் சட்டம் போட்டது இல்லினாய், 1973-ல். அதை முன்னெடுத்த ஹாரல்ட் வாஷிங்டன் பின்னாளில் சிகாகோவின் முதல் கறுப்பின மேயர் ஆனார்.

தேசிய அளவில் முதல் பெரிய வாக்கெடுப்பு 1979 நவம்பரில் நடந்தது. ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஆதரவு தெரிவித்திருந்தார். அவை எடுத்துக்கொண்ட நடைமுறைப்படி மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. ஆதரவு 252, எதிர்ப்பு 133. ஐந்து வாக்கில் தோற்றது.

எதிர்த்தவர்கள் வெளிப்படையாகச் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, மத்திய அரசு ஊழியர்களுக்கு இன்னொரு நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தால் பெரும் செலவு. இரண்டு, கிங் எந்த அரசுப் பதவியிலும் இருந்ததில்லை, தனிமனிதர் ஒருவர் பெயரில் விடுமுறை விடும் வழக்கம் இல்லை. அந்த நேரத்தில் மத்திய அரசு தனிப் பெயரில் விடுமுறை விட்டது இரண்டே பேருக்கு: ஜார்ஜ் வாஷிங்டன், கொலம்பஸ். அமெரிக்க அரசில் கொலம்பஸ் என்ன பதவியில் இருந்தார் என்று யாராவது திருப்பிக் கேட்டால் அந்த இரண்டாவது காரணம் நிற்காது.

இந்தத் தோல்விக்குப் பிறகுதான் ஸ்டீவி வொண்டர் வருகிறார். மிச்சிகனில் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பார்வை போய், பதின்மூன்று வயதில் டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் அமெரிக்காவின் முதலிடப் பாட்டைக் கொடுத்தவர். அது நடந்த 1963 கோடையில்தான் கிங் டெட்ராய்ட்டில் பெரிய பேரணி நடத்தினார். 'எனக்கொரு கனவு' உரையின் முந்தைய வடிவத்தை, வாஷிங்டனில் பேசுவதற்கு இரண்டு மாதம் முன்பே அங்கே பேசினார். அந்த உரையை இசைத்தட்டாக வெளியிட்டதும் இதே மோடவுன்தான். ஆக, ஸ்டீவிக்குக் கிங் எங்கோ இருந்த தலைவர் இல்லை, தன் ஊரிலும் தன் நிறுவனத்திலும் கேட்ட குரல். கிங் கொல்லப்பட்டபோது ஸ்டீவிக்கு வயது 17.

1980 செப்டம்பர் இறுதியில் வந்த 'ஹாட்டர் தேன் ஜூலை' தொகுப்பின் கடைசிப் பாட்டு 'ஹேப்பி பர்த்டே'. கேட்டால் துள்ளலான பிறந்தநாள் கொண்டாட்டப் பாட்டு. வரிகளைக் கவனித்தால் அது ஒரு வாதம்: இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு நாள் ஒதுக்குவதில் யாருக்கு என்ன சிக்கல் என்று கேட்கும் வாதம். இசைத்தட்டின் உள்ளுறையில் கிங்கின் படத்தைப் போட்டு, ஜனவரி 15-ஐ விடுமுறை ஆக்க எல்லோரும் சேர வேண்டும் என்று எழுதியும் வைத்தார். துக்கப்பாட்டு எழுதாமல் ஆடிப் பாடும் பாட்டாக எழுதியதுதான் அவருடைய பெரிய முடிவு என்று நினைக்கிறேன். துக்கப்பாட்டை ஆண்டுக்கு ஒரு தரம் கேட்பார்கள், பிறந்தநாள் பாட்டை வீட்டுக்கு வீடு பாடுவார்கள். நடந்ததும் அதுதான். பிரிட்டனில் அடுத்த ஆண்டு தனிப்பாட்டாக வெளிவந்து தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் கேக் வெட்டும்போது இன்றைக்கும் இந்த மெட்டுத்தான் பாடப்படுகிறது. பாடுகிற சின்னக் குழந்தைகள் பலருக்கு இது ஒரு சட்டத்துக்காக எழுதப்பட்ட பாட்டு என்பதே தெரியாது.

பாட்டோடு அவர் நின்றிருந்தால் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது. ஊர் ஊராகக் கச்சேரிப் பயணம் கிளம்பினார். அந்தப் பயணத்தில் கூடப் பாட வேண்டியவர் ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லி. புற்றுநோய் முற்றியதால் மார்லியால் வர முடியவில்லை, அந்த இடத்துக்குக் கவிஞரும் பாடகருமான கில் ஸ்காட்-ஹெரன் வந்தார். 1980 டிசம்பர் 8 இரவு ஓக்லாந்தில் மேடையில் இருந்தபோது நியூயார்க்கில் பீட்டில்ஸ் குழுவில் இருந்த பாடகர் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. கூட்டத்துக்கு அதைச் சொல்ல வேண்டிய நிலை ஸ்டீவிக்கு. துப்பாக்கிக்குப் பலியான ஒருவரின் பிறந்தநாளுக்காக ஊர் சுற்றிக்கொண்டிருந்தவர் இன்னொரு துப்பாக்கிச் சாவை மேடையிலிருந்து அறிவித்தார்.

1981 ஜனவரி 15 அன்று வாஷிங்டனில் பேரணி. பனிக்காலக் குளிரில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டு பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். அந்த நேரத்தைக் கவனியுங்கள். அடுத்த ஐந்தாவது நாள் ரொனால்ட் ரீகன் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். ரீகன் இந்த விடுமுறையை விரும்பியவர் இல்லை. காங்கிரஸின் மேலவையான செனட்டும் அவருடைய குடியரசுக் கட்சியின் கைக்குப் போயிருந்தது. கோரிக்கை கிடப்பில் போகும் என்று எல்லோரும் எதிர்பார்த்த கட்டத்தில்தான் பாட்டு வந்து மக்களை வீதிக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டும் பேரணி நடந்தது. கோரிக்கைக்கு ஆதரவு திரட்ட வாஷிங்டனில் ஓர் அலுவலகமும் ஊழியர்களும் ஸ்டீவியின் செலவிலேயே இயங்கினார்கள். கிங் மையத்தின் கையெழுத்து இயக்கத்தில் அறுபது லட்சம் கையெழுத்துகள் சேர்ந்தன. 1982-ல் கொரெட்டாவும் ஸ்டீவியும் அவற்றைச் சபாநாயகர் டிப் ஓ'நீலிடம் கொடுத்தார்கள்.

பாட்டின் உண்மையான பங்கு இங்கேதான் இருக்கிறது. பாட்டைக் கேட்டு எந்த உறுப்பினரும் மனம் மாறி வாக்களிக்கவில்லை. ஆனால் தன் தொகுதியில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு உறுப்பினரும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிலையைப் பாட்டு உண்டாக்கியது.

அப்புறம் கேட்டி ஹால். இந்தியானா மாநிலத்தின் கேரி நகரிலிருந்து 1982-ல் தேர்வான புதிய உறுப்பினர். அந்த மாநிலத்திலிருந்து காங்கிரஸுக்குப் போன முதல் கறுப்பினப் பெண். 1983-ல் மசோதாவைத் திரும்பக் கொண்டுவந்தபோது அவர் செய்த மாற்றம் சின்னது, ஆனால் செலவு வாதத்தின் காலையே உடைத்தது: ஜனவரி 15 என்று நிலையாக வைக்காமல், ஜனவரியின் மூன்றாம் திங்கள் என்று மாற்றினார். வாரத்தின் நடுவில் விடுமுறை வந்தால் அலுவலகங்களை மூடித் திரும்பத் திறக்கும் செலவு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இனி அந்தப் பேச்சு இல்லை. ஆகஸ்ட் 2 அன்று பிரதிநிதிகள் அவையில் 338-க்கு 90 என்று வென்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐந்து வாக்கில் தோற்ற இடம். ஹால் அடுத்த ஆண்டே கட்சியின் உட்தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போனார். இந்த விடுமுறையைப் பற்றிப் பேசும் பலருக்கு அவர் பெயர் தெரியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

செனட்டில் நடந்தது அசிங்கம். வட கரோலினாவின் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், பேசிப் பேசியே மசோதாவைத் தடுக்கப் பார்த்தார். கிங் கம்யூனிஸ்டுகளின் ஆள் என்று குற்றம் சாட்டி முந்நூறு பக்கக் கட்டு ஒன்றை அவையில் வைத்தார். நியூயார்க் செனட்டர் மொய்னிஹன் அதைக் குப்பை என்று சொல்லித் தரையில் வீசினார். கிங்கை எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்ட பதிவுகளை 1977-லேயே நீதிமன்றம் ஐம்பது ஆண்டுகளுக்கு முத்திரை வைத்துப் பூட்டச் சொல்லியிருந்தது. அவற்றைத் திறக்கச் சொல்லி ஹெல்ம்ஸ் நீதிமன்றம் போனதும் பலிக்கவில்லை. ஹெல்ம்ஸின் அதே கட்சியைச் சேர்ந்த பாப் டோல்தான் மசோதாவை அவையில் முன்நின்று நடத்தினார். செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முந்நூறு ஆண்டு அடிமைத்தனத்துக்கும் அதற்குப் பின் நூறாண்டுப் புறக்கணிப்புக்கும் சேர்த்து விலை போட்டுப் பார்க்கட்டும் என்று அவர் சொன்ன பதில்தான் அந்த விவாதத்திலேயே எனக்குப் பிடித்த இடம்.

அக்டோபர் 19 அன்று செனட்டில் 78-க்கு 22. அதே நாள் செய்தியாளர் சந்திப்பில், கிங்குக்குக் கம்யூனிஸ்ட் சார்பு இருந்ததா என்று கேட்டபோது ரீகன், முத்திரை வைத்த பதிவுகளை மனதில் வைத்து, அது இன்னும் முப்பத்தைந்து ஆண்டில் தெரிந்துவிடும் என்ற பொருளில் பதில் சொன்னார். பிறகு கொரெட்டாவைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு இருந்ததால், ஜனாதிபதி தடுத்தாலும் மசோதா தாண்டியிருக்கும். நவம்பர் 2 அன்று வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில், கொரெட்டா பக்கத்தில் நிற்க, ரீகன் கையெழுத்திட்டார். முதல் விடுமுறை 1986 ஜனவரி 20. அன்றிரவு தொலைக்காட்சியில் நடந்த பெரிய இசை நிகழ்ச்சியை ஸ்டீவி வொண்டர்தான் நடத்தினார்.

பலரும் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் 'தேசிய விடுமுறை' என்பது நாம் நினைக்கிற மாதிரி நாடு முழுவதையும் கட்டுப்படுத்தாது. காங்கிரஸ் சட்டம் மத்திய அரசு ஊழியர்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் மட்டும்தான் செல்லும். ஐம்பது மாநிலங்களும் தனித்தனியாகச் சட்டம் போட வேண்டும். தனியார் நிறுவனங்கள் விடுமுறை விடுவது அவற்றின் விருப்பம்.

அதனால் சண்டை மாநிலங்களுக்கு இறங்கியது. மிகவும் கசப்பாக நடந்தது அரிசோனாவில். 1986-ல் சட்டமன்றத்தில் மசோதா தோற்றதும் ஆளுநர் புரூஸ் பாபிட் உத்தரவு போட்டு விடுமுறையைக் கொண்டுவந்தார். அடுத்து வந்த ஆளுநர் எவன் மீச்சம் 1987 ஜனவரியில் பதவியேற்ற கையோடு அதை ரத்து செய்தார். ஸ்டீவி வொண்டர் அரிசோனாவில் இனிப் பாட மாட்டேன் என்றார், வேறு கலைஞர்களும் ஒதுங்கினார்கள், மாநாடுகள் இடம் மாறின. 1990 நவம்பரில் விஷயம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. ஒன்றுக்கு இரண்டு தீர்மானங்களை வைத்ததால் ஆதரவு சிதறி இரண்டுமே தோற்றன, ஒன்று மயிரிழையில்.

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை 1993-ல் ஃபீனிக்ஸ் பகுதியில் நடத்துவதாக ஏற்பாடு. வாக்கெடுப்பு தோற்றதும் என்.எஃப்.எல். அமைப்பு போட்டியைப் பறித்துக் கலிபோர்னியாவின் பசடேனாவுக்குக் கொடுத்தது. 1993 ஜனவரி 31 அன்று மைக்கேல் ஜாக்சன் இடைவேளையில் ஆடிய புகழ்பெற்ற சூப்பர் பௌல் அதுதான். அரிசோனாவில் நடந்திருக்க வேண்டிய ஆட்டம் அது. இடையில் பப்ளிக் எனிமி என்ற ராப் குழு அரிசோனா ஆட்சியாளர்களைக் கடுமையாகத் தாக்கி ஒரு பாட்டே வெளியிட்டது. 1992 நவம்பரில் அரிசோனா மக்கள் திரும்ப வாக்களித்தார்கள். 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. சட்டமன்றம் போட்ட சட்டத்தால் வராமல், மக்களே வாக்குப் போட்டுக் கிங்கின் நாளைக் கொண்டுவந்த மாநிலம் கடைசியில் அரிசோனாவே ஆனது. 1996-ல் சூப்பர் பௌலும் அங்கே வந்தது. 1983-ல் எதிர்த்து வாக்களித்த அரிசோனாவின் ஜான் மெக்கெய்ன், தான் செய்தது தவறு என்று பின்னாளில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

தென் மாநிலங்களில் வேறு வகைச் சிக்கல். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்படைத் தளபதி ராபர்ட் ஈ. லீ பிறந்தது ஜனவரி 19. வர்ஜீனியா 1984 முதல் 2000 வரை லீ, இன்னொரு தென்படைத் தளபதியான ஸ்டோன்வால் ஜாக்சன், கிங் மூவருக்கும் சேர்த்து ஒரே விடுமுறை விட்டது. எதிரெதிர்த் துருவங்களை ஒரே பலகையில் எழுதிய அந்த நாள் பிறகு பிரிக்கப்பட்டது, லீ-ஜாக்சன் நாள் 2020-ல் மொத்தமாகவே நீக்கப்பட்டது. அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் கிங்கும் லீயும் இன்றும் ஒரே திங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கிங் பேருந்துப் புறக்கணிப்பை நடத்திய மான்ட்கோமரி அலபாமாவின் தலைநகர் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு உறுத்தலானது என்று புரியும். வடக்கிலும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை: நியூ ஹாம்ப்ஷயர் 'குடிமை உரிமைகள் நாள்' என்று பெயர் வைத்துக் கிங்கின் பெயரை 1999 வரை தவிர்த்தது. தென் கரோலினாவில் ஊழியர்கள் கிங்கின் நாளையோ தென்படை நினைவுநாட்களில் ஒன்றையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2000-ல்தான் அதை முழு விடுமுறை ஆக்கினார்கள். ஐம்பது மாநிலமும் சேர அவ்வளவு காலம் ஆனது.

இதற்குப் பிறகு அமெரிக்கா புதிதாக ஒரு மத்திய விடுமுறை சேர்த்தது 2021-ல்தான். டெக்சாஸின் கால்வெஸ்டனில் 1865 ஜூன் 19 அன்று அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டதை நினைவுகூரும் ஜூன்டீன்த். அதற்காக எண்பத்தொன்பது வயதில் வாஷிங்டனை நோக்கி நடைப்பயணம் கிளம்பிய ஓப்பல் லீயும் கையெழுத்து இயக்கத்தைத்தான் நம்பினார்.

சரி, தேதி விஷயம். 1968-ல் காங்கிரஸ் போட்ட ஒரு சட்டம் சில விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு நகர்த்தியது, மக்களுக்கு மூன்று நாள் வார இறுதி கிடைக்கட்டும் என்று. கேட்டி ஹால் கிங்கின் நாளையும் அந்த வழியில் கொண்டுபோனார். மூன்றாம் திங்கள் என்றால் 15 முதல் 21 வரை எந்தத் தேதியிலும் வரலாம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஜனவரி 20-ல் நடக்கும் ஜனாதிபதி பதவியேற்போடும் சில சமயம் மோதும். 1997-லும் 2025-லும் இரண்டும் ஒரே நாள். ஜார்ஜ் வாஷிங்டன் நிலைமை இன்னும் விநோதம்: அவர் பிறந்தது பிப்ரவரி 22, விடுமுறை பிப்ரவரி மூன்றாம் திங்கள், எனவே அவருடைய விடுமுறை அவர் பிறந்த தேதியில் ஒருபோதும் வரவே முடியாது. கிங்கின் நாள் அவ்வப்போது 15-ஆம் தேதியிலேயே வரும். 2024-ல் அப்படி வந்தது. அடுத்து வருவது 2029-ல், கிங் பிறந்து சரியாக நூறாண்டு நிறையும் நாளில்.